சேலத்திலிருந்து மின்சார சைக்கிள், ஸ்கூட்டர், சக்கர நாற்காலியை விமானத்தில் அனுப்ப: முழுமையான வழிகாட்டி

மின்சார சைக்கிளையோ ஸ்கூட்டரையோ விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றதும் பலரும் முதலில் ஓடுவது ப்ளைவுட் கடைக்கு. பெட்டி அடிப்பது கடைசி வேலை. பேட்டரிக்கு என்ன காகிதம் இருக்கிறது, அதில் இப்போது எத்தனை சதவீதம் சார்ஜ் நிற்கிறது: இந்த இரண்டு கேள்வியில்தான் சரக்கு ஏறுமா ஏறாதா என்பது முடிவாகிறது. இரண்டும் சரியில்லாமல் தேக்கில் பெட்டி செய்து கொண்டுபோனாலும் கார்கோ கவுன்டரில் திருப்பிவிடுவார்கள். போக வர வண்டி வாடகையும் கோடவுன் வாடகையும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. லித்தியம் செல் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகிச் சூடேறினால், அந்தச் சூடு பக்கத்துச் செல்லைப் பற்றவைக்கும், அது அடுத்ததை. பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் தீயை அடக்க வைத்திருக்கும் ஹாலான் வாயு வெளியே எரியும் சுவாலையை அடக்கும்; செல்லுக்குள் தானே நடக்கும் வினையை நிறுத்தாது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யுபிஎஸ் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து விமானிகள் இருவரும் இறந்தார்கள். தீ தொடங்கிய இடத்தில் இருந்த சரக்கில் லித்தியம் பேட்டரிகள் இருந்தன. அதற்குப் பின், விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாட்டா வெளியிடும் ஆபத்தான சரக்கு விதிகள் ஒவ்வொரு பதிப்பிலும் இறுகிக்கொண்டேதான் வருகின்றன. 2026 ஜனவரி 1 முதல் சார்ஜ் அளவுக் கட்டுப்பாடு வண்டிகளுக்கும் கட்டாயமாகிவிட்டது. இரண்டு வருடம் முன்பு அனுப்பியவர் சொல்லும் வழி இன்று செல்லாமல் போகலாம்.

படி 1: கையில் இருப்பது என்ன என்று எண்ணால் எழுதுங்கள்

முதல் எண் வாட்-மணி. பேட்டரியின் மேல் ஸ்டிக்கரில் வோல்ட், ஆம்பியர்-மணி இரண்டும் இருக்கும்; பெருக்கினால் போதும். 36 வோல்ட், 10.4 ஆம்பியர்-மணி சைக்கிள் பேட்டரி என்றால் 374 வாட்-மணி. 48 வோல்ட், 13 ஆம்பியர்-மணி என்றால் 624. பெரிய இருசக்கர ஸ்கூட்டரில் 3,000 வரை போகும், சிலவற்றில் அதற்கும் மேலே. 2011க்குப் பிறகு செய்த லித்தியம் அயான் பேட்டரியின் வெளி உறையில் வாட்-மணி அச்சாகியிருக்க வேண்டும் என்பது விதி. ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் அதையே ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

100 வாட்-மணி என்பதுதான் முக்கியமான கோடு. நடைமுறையில் ஆள் ஏறி ஓட்டும் எந்த வண்டியும் அதைத் தாண்டிவிடும். ஆகவே இனி சொல்வதெல்லாம் 100க்கு மேற்பட்ட பேட்டரியை மனதில் வைத்துத்தான்.

இரண்டாவது, பேட்டரியின் ரசாயனம். ஸ்டிக்கரில் என்எம்சி என்றோ எல்எஃப்பி என்றோ போட்டிருக்கும். இரண்டுமே லித்தியம் அயான்தான், ஒரே விதிதான். ஆனால் சார்ஜை அளக்கும்போது வேறுபாடு வரும், அதைப் பிறகு பார்ப்போம். பழைய மாடல் ஸ்கூட்டரிலும் சில சக்கர நாற்காலிகளிலும் ஈய-அமில பேட்டரி இருக்கும். அதற்கு எண்ணும் விதியும் வேறு. இந்த வழிகாட்டியை அதற்குப் பொருத்த வேண்டாம்.

மூன்றாவது, பேட்டரியின் தனி எடை, வண்டியின் எடை இரண்டையும் தராசில் வைத்தே பாருங்கள். பிரோஷரில் உள்ள எடையைப் படிவத்தில் எழுதினால், கார்கோ தராசில் வேறு எண் வரும்போது படிவமே தப்பாகிவிடும்.

படி 2: யுஎன் 38.3 காகிதம்

விமானத்தில் ஏறும் எந்த லித்தியம் பேட்டரியும் ஐ.நா.வின் சோதனைக் கையேட்டில் 38.3 என்ற பிரிவின்படி சோதிக்கப்பட்ட மாடலாக இருக்க வேண்டும். வானத்து உயரத்தில் வரும் தாழ்ந்த காற்றழுத்தம், 72 டிகிரி வெப்பத்துக்கும் மைனஸ் 40 டிகிரி குளிருக்கும் மாறி மாறிப் போவது, அதிர்வு, மோதல், வெளியே ஷார்ட் ஆவது, நசுங்குவது, அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றுவது, வலுக்கட்டாயமாக இறக்குவது என்று எட்டு வகைச் சோதனை உண்டு. 2020 ஜனவரி 1 முதல் இந்தச் சோதனைகளின் சுருக்க அறிக்கையைக் கேட்டால் தயாரிப்பாளர் கொடுத்தாக வேண்டும். பல கம்பெனிகள் இணையத்திலேயே போட்டிருக்கின்றன. இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு மாடல் எண்ணோடு மின்னஞ்சல் போடுங்கள். பதில் வர ஒரு வாரம் ஆனாலும் ஆகும் என்பதால் இதை முதலில் தொடங்க வேண்டும்.

காகிதம் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை: சோதனைக்கூடத்தின் பெயர், அறிக்கை எண், தேதி, பேட்டரியின் வாட்-மணி, எடை, மாடல் எண், எந்தெந்தச் சோதனை, தேறியதா, கையெழுத்திட்டவர் பெயர். மாடல் எண் உங்கள் பேட்டரி ஸ்டிக்கரில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கடைசியில் ஒரு 'ஏ' விடுபட்டிருந்தாலும் கேள்வி வரும்.

இங்கே மூன்று இடத்தில் ஏமாறுகிறார்கள். ஒன்று, செல்லுக்கு எடுத்த சான்றைப் பேட்டரிக்குக் காட்டுவது. தேறிய செல்களை வைத்துக் கட்டியிருந்தாலும், கட்டிய பேட்டரிக்கும் தனிச் சோதனை வேண்டும். இரண்டு, ஏஐஎஸ் 156 சான்று. அது நம் ரோட்டில் வண்டி ஓட்டுவதற்கான பாதுகாப்புத் தரம், விமானத்துக்குச் செல்லாது. மூன்று, எம்எஸ்டிஎஸ் எனப்படும் பொருள் பாதுகாப்புத் தாள். கார்கோ ஏஜென்ட் அதையும் கேட்பார், கொடுங்கள். ஆனால் 38.3 இருக்கும் இடத்தை அது நிரப்பாது.

சேலத்தில் சாதாரண சைக்கிளுக்கு மோட்டார் கிட் மாட்டிக் கொடுப்பதும், செத்த பேட்டரியைப் பிரித்துச் செல் மாற்றிக் கட்டிக் கொடுப்பதும் நன்றாகவே நடக்கும் தொழில். ஊருக்குள் ஓட்ட அது போதும். ஆனால் செல் மாற்றிக் கட்டிய பேட்டரிக்கு எந்தச் சோதனை அறிக்கையும் கிடையாது. பழைய உறை, பழைய ஸ்டிக்கர் இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு பேட்டரி. அதைக் கம்பெனி பேட்டரி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது பொய் அறிவிப்பு. அந்த நிலையில் செய்யக்கூடியது ஒன்றே: பேட்டரியை இங்கேயே கழற்றி வைத்துவிட்டு வண்டியை மட்டும் அனுப்புங்கள்.

பேட்டரி உப்பியிருந்தாலோ, கீழே விழுந்து உறை விரிசல் விட்டிருந்தாலோ, மழைநீர் இறங்கி கனெக்டரில் பச்சை பூத்திருந்தாலோ, கம்பெனியே திரும்பக் கேட்ட மாடலாக இருந்தாலோ அது விமானத்துக்குத் தடை செய்யப்பட்டது. ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகை முழுக்கத் திறந்தவெளியில் நின்ற வண்டி என்றால் கனெக்டர் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: எந்த வடிவில் போகிறது

இதில்தான் எண், விதி, பெட்டி, கட்டணம் எல்லாம் தீர்மானமாகும். நான்கு வழி உண்டு.

ஒவ்வொரு வகை ஆபத்தான சரக்குக்கும் ஐ.நா. கொடுத்த அடையாள எண் ஒன்று உண்டு, அதுதான் யுஎன் எண். பேட்டரி வண்டியில் பூட்டியபடியே போனால் அது யுஎன் 3556. 2025க்கு முன் எல்லா மின்சார வண்டிக்கும் யுஎன் 3171 என்ற ஒரே எண்தான் இருந்தது. இப்போது லித்தியம் அயான் வண்டிக்கு 3556, லித்தியம் உலோகத்துக்கு 3557, சோடியம் அயானுக்கு 3558 என்று பிரிந்துவிட்டது. பேக்கிங் விதி எண் 952. இன்னும் 3171 என்று எழுதிக் கொண்டுவரும் பழைய மாதிரிப் படிவங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. லித்தியம் வண்டிக்கு அதை எழுதினால் கவுன்டரைத் தாண்டாது.

பேட்டரியைக் கழற்றி அதே பெட்டிக்குள் தனியாக வைத்தால் அது வண்டி என்ற கணக்கிலிருந்து விலகி, யுஎன் 3481, 'கருவியோடு சேர்த்துக் கட்டிய பேட்டரி' ஆகிவிடும். பேக்கிங் விதி 966. ஒரு பெட்டியில் பேட்டரியின் நிகர எடை பயணிகள் விமானத்தில் 5 கிலோ வரை, சரக்கு விமானத்தில் 35 கிலோ வரை. கூடவே ஐ.நா. தர முத்திரை உள்ள பெட்டியும் வேண்டும்.

பேட்டரியை மட்டும் தனியாக அனுப்பினால் யுஎன் 3480. பயணிகள் விமானத்தில் அடியோடு தடை. சரக்கு விமானத்தில் மட்டும். தனி ஆள் ஒருவர் ஒற்றைப் பேட்டரிக்காக இந்த வழியில் இறங்குவது வீண் செலவு.

பேட்டரியே இல்லாமல் வண்டி மட்டும் போனால் அது ஆபத்தான சரக்கே கிடையாது. பில்லிலும் ஏர்வே பில் எனும் விமானச் சரக்கு ரசீதிலும் பேட்டரி நீக்கப்பட்டது என்று தெளிவாக எழுதி, பேட்டரிக் கூடு காலியாக இருக்கும் போட்டோவையும் இணைத்துவிடுங்கள்.

கழற்றி வைத்தால் பாதுகாப்பு கூடும் என்று நினைத்துப் பலர் இரண்டாவது வழிக்குப் போகிறார்கள். சைக்கிளின் ஃப்ரேமில் சாவி போட்டுப் பூட்டும் பேட்டரி என்றால் அதை அங்கேயே விட்டு 3556 ஆக அனுப்புவதுதான் எங்கள் பரிந்துரை. எடை வரம்பு இல்லை, ஐ.நா. முத்திரைப் பெட்டி தேவையில்லை, டெர்மினல் ஃப்ரேமுக்குள் மறைந்திருக்கும். பின் கேரியரில் பெல்ட் போட்டுக் கட்டிய பேட்டரிக்கு மட்டும் 966 வழி பொருத்தம். விலை மதிப்புக் குறைந்த சைக்கிளாக இருந்து, போகும் ஊரில் அதே பேட்டரி கிடைக்கும் என்றால் நான்காவது வழியை யோசிப்பது புத்திசாலித்தனம். பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 4: சார்ஜை இறக்குவது

100 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரி உள்ள வண்டி ஒப்படைக்கும்போது உண்மையான சார்ஜ் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது வண்டியின் டிஸ்ப்ளே காட்டும் அளவு 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கருவியோடு சேர்த்துக் கட்டும் பேட்டரிக்கும் 30 சதவீத வரம்பு உண்டு. சார்ஜ் குறைவாக இருந்தால் செல் பற்றினாலும் வெளிவரும் ஆற்றல் குறைவு, பக்கத்துச் செல்லுக்குத் தாவும் வாய்ப்பும் குறைவு. அதனால்தான் இந்த எண்.

இறக்க நல்ல வழி ஓட்டுவதுதான். ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைச் சும்மா சுற்றவிட்டால் சுமை இல்லாததால் மணிக்கணக்கில் இறங்காது. டெர்மினலில் ஹீட்டர் கம்பியோ பழைய அயர்ன்பாக்ஸோ மாட்டி இறக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. மலையில் 28 சதவீதத்துக்கு இறக்கி வைத்துவிட்டு, ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே சேலத்துக்கு இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே டைனமோவாகிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வசதி உள்ள வண்டி அது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் நகரம் 300 மீட்டருக்குள். 1,200 மீட்டர் இறக்கத்தில் வண்டியும் ஆளும் சேர்ந்து 180 கிலோ இருந்தால் விடுபடும் ஆற்றல் ஏறக்குறைய 600 வாட்-மணி. அதில் மூன்றில் ஒரு பங்கு திரும்பினாலே 200 வாட்-மணி. 3,000 வாட்-மணி பேட்டரியில் அது 6, 7 சதவீதம். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி அடிவாரம் வந்து பார்த்தால் 34 காட்டும். ஆகவே சார்ஜை இறக்கும் வேலையை மலையில் முடிக்காதீர்கள். டெம்போவில் ஏற்றி இறக்குங்கள், அல்லது சேலம் வந்தபின் சமதளத்தில் ஓட்டி இறக்குங்கள்.

அளப்பது: வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரமாவது ஆறவிட்ட பின் அளக்க வேண்டும். ஓட்டி நிறுத்திய உடனே வோல்ட் குறைவாகக் காட்டும், ஆறியதும் ஏறிவிடும். என்எம்சி செல்லுக்கு 30 சதவீதத்தில் சுமார் 3.55 முதல் 3.6 வோல்ட் நிற்கும். 36 வோல்ட் பேட்டரியில் தொடரில் 10 செல், ஆக மல்டிமீட்டரில் 35.5 முதல் 36 வரை. 48 வோல்ட் பேட்டரியில் 13 செல், ஆக 46 முதல் 47 வரை. எல்எஃப்பி பேட்டரிக்கு இந்த வித்தை பலிக்காது. அதன் வோல்ட் 30 சதவீதத்திலும் 60 சதவீதத்திலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நிற்கும்; பேட்டரிக்குள் இருந்து அதைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். எனும் மின்சுற்று தரும் கணக்கை ஆப்பில் பார்ப்பதுதான் வழி. ஆப் இல்லாத வண்டி என்றால் ஒரு முறை முழுக்க ஏற்றி, கம்பெனி சொல்லும் ஓட்டத் தூரத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே ஓட்டுங்கள். டிஸ்ப்ளே 25க்குக் கீழே வந்ததும் நிறுத்துங்கள்.

வம்பே வேண்டாம் என்று பூஜ்யம் வரை இறக்குவதும் தப்பு. பி.எம்.எஸ். தன் வேலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கஸ்டம்ஸில் மூன்று வாரம் கிடந்தால் செல் 2.5 வோல்டுக்குக் கீழே போய், உள்ளே தாமிரத் தகடு கரையத் தொடங்கும். அப்படிப் போன செல்லை மறுபடி சார்ஜ் ஏற்றுவது ஆபத்து. 20 முதல் 25 சதவீதம் வைத்து அனுப்புவது நல்லது.

அளந்த அன்றே தேதியோடு டிஸ்ப்ளேயையும் மல்டிமீட்டரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் அளவை எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் கேட்கும் விமான நிறுவனங்கள் உண்டு.

படி 5: வண்டியைத் தூங்க வைப்பது

தானாக ஸ்டார்ட் ஆகக் கூடாது, ஷார்ட் ஆகக் கூடாது, பேட்டரி அசையக் கூடாது. மூன்றுக்கும் வழி: எம்சிபி இருந்தால் கீழே தள்ளிவிட்டு அதன்மேல் டேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் மெயின் ஃபியூஸைக் கழற்றி, ஒரு கவரில் போட்டு ஹேண்டில்பாரில் கட்டுங்கள். பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் உள்ள மஞ்சள் கனெக்டரைப் பிரித்தால், பேட்டரிப் பக்க முனைக்கு மூடி போட்டு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். இரண்டு முனையையும் சேர்த்து ஒரே சுற்றாகச் சுற்றக் கூடாது. பவர் பட்டன் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கிக் ஸ்கூட்டர், ஹோவர்போர்டுக்கு பட்டன்மேல் குழிவான பிளாஸ்டிக் மூடி வைத்து டேப் ஒட்டினால் பெட்டிச் சுவர் அழுத்தி ஆன் ஆகாது.

திருட்டு அலாரத்தை அணைத்துவிடுங்கள். சீட்டுக்கு அடியில் மாட்டிய ஜிபிஎஸ் டிராக்கரைக் கழற்றுங்கள். அதற்குள் தனியாக ஒரு லித்தியம் பேட்டரி இருக்கிறது, அதைப் பலரும் மறந்துபோகிறார்கள். டூல்பாக்ஸில் பவர் பேங்க், உதிரி பேட்டரி, செயின் ஸ்ப்ரே எதுவும் இருக்கக் கூடாது. சார்ஜரைப் பெட்டியில் வைக்கலாம்.

டயர் காற்றை முழுக்க இறக்க அவசியமில்லை. டயர் ஓரத்தில் அச்சாகியுள்ள உச்ச அழுத்தத்தைத் தாண்டாமல், வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்தால் போதும்.

படி 6: பெட்டி

நான்கு சக்கரத்தில் நிமிர்ந்து நிற்கும் வண்டிக்குப் பெட்டி கட்டாயம் இல்லை. சைக்கிள், ஸ்கூட்டர் போல சாய்த்து வைக்க இடமுள்ள வண்டியை உறுதியான பெட்டிக்குள், அசையாமல் கட்டித்தான் அனுப்ப வேண்டும்.

சைக்கிளுக்கு: முன் சக்கரம், பெடல், சீட் கம்பத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரை ஃப்ரேமுக்கு இணையாகத் திருப்புங்கள். இடது பெடல் மரை தலைகீழ். வழக்கமாகத் திருகுவதுபோல் திருகினால் இன்னும் இறுகிக் கிராங்க் கெட்டுவிடும். டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் எடுத்த இடத்தில் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டை ஒன்றைச் செருகுங்கள். இல்லாவிட்டால் வழியில் லிவர் அழுந்தி பேடுகள் ஒட்டிக்கொள்ளும். ஃபோர்க் நுனியில் ஒரு மரத்துண்டை வைத்து முடுக்கினால் அது நசுங்காது. முடிந்தால் 150 × 30 × 85 சென்டிமீட்டருக்குள் அடக்கப் பாருங்கள். விமானக் கட்டணம் எடை, கன அளவு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான். கன எடை என்பது நீளம் × அகலம் × உயரத்தை 6,000 ஆல் வகுத்தது: 3,82,500 ÷ 6,000 = 63.75 கிலோ. வண்டி 25 கிலோதான் இருக்கும், பணம் 64 கிலோவுக்குக் கட்டுகிறீர்கள். அகலத்தில் 10 சென்டிமீட்டர் கூடினால் இன்னும் 21 கிலோ ஏறும்.

ப்ளைவுட் 9 மில்லிமீட்டர் சைக்கிளுக்குப் போதும். ஸ்கூட்டருக்கு 12, அடியில் ஃபோர்க்லிஃப்ட் நுழைய 10 சென்டிமீட்டர் கட்டை. இந்தக் கட்டையில்தான் அடுத்த சிக்கல். ப்ளைவுட்டுக்குப் பூச்சித் தடுப்பு முத்திரை வேண்டாம், ஆனால் முழு மரக்கட்டைக்கு வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடானதற்கான, கோதுமைக் கதிர் படமும் ஹெச்.டி. எழுத்தும் உள்ள முத்திரை அது. மர டிப்போவில் வாங்கிய மாங்கட்டையை அடித்து அனுப்பினால், போய்ச் சேரும் நாட்டில் பெட்டியோடு திருப்பி அனுப்பவும் கூடும். முத்திரை உள்ள பேலட் ஒன்றை வாங்கி அதன்மேல் கட்டுவது சுலபம்.

ஆணி வேண்டாம், ஸ்க்ரூ போடுங்கள். பேட்டரி இருக்கும் பக்கத்தில் ஸ்க்ரூ நுனி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வண்டியை ராட்செட் பெல்ட்டால் அடிப்பலகையோடு இழுத்துக் கட்ட வேண்டும். பெல்ட் ஃப்ரேமைப் பிடிக்கட்டும், பேட்டரி உறையைப் பிடிக்க வேண்டாம். மூடும் முன் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரக் கூடாது.

உயரத்தை முடிவு செய்யுமுன் எந்த விமானம் என்று ஏஜென்டிடம் கேளுங்கள். ஏ320 ரக விமானத்தின் அடி அறைக் கதவு சுமார் 120 சென்டிமீட்டர்தான். அகல உடல் விமானத்தின் (உள்ளே இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானம்) அடி அறைக்கு 160 வரை போகலாம்.

படி 7: எழுத்தும் லேபிளும்

பெட்டியின் ஒரே முகத்தில், மூலையில் மடியாமல்: யுஎன் எண், முறையான சரக்குப் பெயர், அனுப்புநர் பெறுநர் இருவரின் முழு முகவரி, ஒன்பதாம் வகுப்பு ஆபத்து லேபிள். எல்லாம் ஆங்கிலத்தில். 30 கிலோவுக்கு மேற்பட்ட பெட்டியில் யுஎன் எண்ணின் எழுத்து 12 மில்லிமீட்டர் உயரம், அதற்குக் கீழே 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். லேபிள் 100 × 100 மில்லிமீட்டர். ஒன்பதாம் வகுப்பில் சாதாரணக் கோடு போட்டது, பேட்டரிப் படம் போட்டது என்று இரண்டு லேபிள் உண்டு. 3480, 3481க்குப் பேட்டரிப் படம் போட்டது. வண்டிக்கு ஐயாட்டா நடப்புப் பதிப்பின் பட்டியலில் 3556க்கு நேரே உள்ளதைப் பார்த்து ஒட்டச் சொல்லுங்கள். 5 கிலோவைத் தாண்டிய 3481 பெட்டிக்கு 'கார்கோ ஏர்கிராஃப்ட் ஓன்லி' லேபிளும் சேரும்.

சிவப்புச் சாய்கோடு ஓரம் போட்ட சின்னப் பேட்டரி முத்திரை செல்போன், லேப்டாப் வகைச் சிறு பேட்டரிகளுக்கானது. கூரியர் கடையில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று வண்டிப் பெட்டியில் அதை ஒட்டாதீர்கள். பழைய பெட்டி என்றால் முந்தைய லேபிள்களைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

படி 8: டிக்ளரேஷன்

ஆபத்தான சரக்குக்கான ஷிப்பர்ஸ் டிக்ளரேஷன், அதாவது அனுப்புநரின் அறிவிப்பு, என்பது ஓரத்தில் சிவப்புச் சாய்கோடு போட்ட படிவம். இந்தியாவில் இதற்கென விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) அங்கீகரித்த பயிற்சி எடுத்து, 24 மாதத்துக்குள் புதுப்பித்தவர்தான் இதைத் தயார் செய்யலாம். ஆகவே டி.ஜி. சரக்கு (ஆபத்தான சரக்கு) எடுக்கும் ஏஜென்ட் இல்லாமல் தனியாகச் செய்ய வழியில்லை. "நாங்க பார்த்துக்கிறோம் சார், சைக்கிள் பார்ட்ஸுனு போட்டுடலாம்" என்று சொல்லும் ஏஜென்டிடமிருந்து அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். எக்ஸ்ரேயில் பேட்டரி பளிச்சென்று தெரியும். மாட்டுவது அனுப்புநரான நீங்கள்.

ஏஜென்டுக்கு முதல் மின்னஞ்சலிலேயே இவ்வளவும் போகட்டும்: வண்டி மாடல், பேட்டரி வாட்-மணி, பேட்டரி எடை, பூட்டியபடியா கழற்றியா, பெட்டி அளவு, மொத்த எடை, 38.3 சுருக்க அறிக்கை, போய்ச் சேரும் விமான நிலையம். பதிலில் இரண்டு விஷயம் வர வேண்டும்: எந்த விமான நிறுவனம், வழியில் எங்கே மாறுகிறது. ஐயாட்டா விதி அனுமதித்தாலும் விமான நிறுவனம் தன் சொந்த விதியில் மறுக்கலாம். இரண்டாவது விமானம் வேறு நிறுவனத்துடையது என்றால் அதன் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும்.

படிவத்தில் சரக்கு வரி இப்படி வரும்: யுஎன் 3556, பெயர், வகுப்பு 9, பேக்கிங் குரூப் கிடையாது, ஒரு மரப்பெட்டி × வண்டியின் நிகர எடை, பேக்கிங் விதி 952. நிகர எடை என்பது வண்டியின் எடை; பெட்டியைச் சேர்க்கக் கூடாது. அடித்துத் திருத்தினால் அந்த இடத்தில் அதே கையெழுத்து வேண்டும். புதிதாக அடித்து எடுப்பதே நல்லது. கவுன்டரில் செக்லிஸ்ட் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஒரு வரி தப்பினாலும் முழுச் சரக்கும் நிற்கும்.

கஸ்டம்ஸ் பக்கம் இதைவிடச் சுலபம். சுங்கக் குறியீடு மின்சார இருசக்கரத்துக்கு 8711 60, மோட்டார் சக்கர நாற்காலிக்கு 8713 90. சொந்த உபயோகத்துக்கு அனுப்புபவருக்கு ஏற்றுமதி-இறக்குமதி குறியீட்டு எண் தேவையில்லை, வியாபாரத்துக்கு என்றால் வேண்டும். பதிவெண் உள்ள ஸ்கூட்டருக்கு ஆர்டிஓ காகிதம் தனி வேலை, முன்கூட்டியே தொடங்குங்கள்.

படி 9: எந்த விமான நிலையம்

காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்துக்கு வந்துபோவது ஏடிஆர் ரகச் சிறு விமானங்கள். இந்தச் சரக்குக்கு அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். திருச்சி ஏறக்குறைய 140 கிலோமீட்டர், கோவை 165. இரண்டிலும் பன்னாட்டு விமானம் உண்டு, ஆனால் பெரும்பாலும் குறுகிய உடல் விமானம், சின்னக் கதவு. மடக்கிய கிக் ஸ்கூட்டருக்குச் சரி. சைக்கிள் பெட்டிக்கும் அதற்கு மேலும் பெங்களூரு தேவனஹள்ளியோ சென்னையோதான். டி.ஜி. சரக்குக்குப் பழகிய ஆட்களும் அகல உடல் விமானங்களும் அங்கே இருக்கின்றன. சேலத்திலிருந்து தேவனஹள்ளி கிட்டத்தட்ட 235 கிலோமீட்டர், சென்னை 340. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் வந்தபின் இந்தச் சரக்கைப் பற்றித் தெரிந்த ஏஜென்ட் பெங்களூரு தடத்தில் கிடைப்பது எளிதாகியிருக்கிறது. மாநில எல்லை தாண்டுவதால், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட விற்பனைச் சரக்குக்கு ஈ-வே பில் எடுத்துவிட வேண்டும்.

தொப்பூர் கணவாயில் லாரி திடீரென்று பிரேக் போடும் இடங்கள் அதிகம். பெட்டியை லாரியின் முன்சுவரை ஒட்டி, நிமிர்ந்தபடி, குறுக்கே கயிறு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். மேலே வேறு மூட்டை ஏற்றக் கூடாது. சித்திரை வெயிலில் தார்ப்பாய் மூடிய லாரியைப் பகல் முழுக்கக் கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரம் நிறுத்திவைப்பது பேட்டரிக்கு நல்லதில்லை. இரவில் கிளம்பிக் காலையில் கார்கோ வாசலில் நிற்பதுபோல் வையுங்கள்.

பயணியோடு போகும் சக்கர நாற்காலி

இது சரக்கு கணக்கில் வராது, பயணச் சாமான். நடக்க முடியாதவருக்கான மின்சார நாற்காலிக்கு மட்டும் இந்தச் சலுகை. கிக் ஸ்கூட்டரையும் ஹோவர்போர்டையும் 'முழங்கால் வலி' என்று சொல்லி இதில் நுழைக்க முடியாது. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரி உள்ள அத்தகைய வண்டி லக்கேஜில் தடை. அதற்குக் கீழே இருந்தாலும் பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை.

பேட்டரி நாற்காலியிலேயே உறுதியாகப் பூட்டி, டெர்மினல் மூடியிருந்தால் வாட்-மணி வரம்பு இல்லை. மின் இணைப்பைத் துண்டித்துக் கொடுக்க வேண்டும். மடக்கு நாற்காலியில் பேட்டரியைக் கழற்ற வேண்டிய அமைப்பு என்றால் அந்தப் பேட்டரி 300 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். அது பயணியின் கையோடு கேபினுக்குள்தான் வர வேண்டும். 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288, தேறும். 24 வோல்ட், 20 ஆம்பியர்-மணி என்றால் 480, தேறாது. உதிரியாக 300க்குள் ஒன்று, அல்லது 160க்குள் இரண்டு. நாற்காலி வாங்கும்போதே இந்தக் கணக்கைப் பார்த்து வாங்கினால் பின்னால் அலைச்சல் இல்லை.

டிக்கெட் எடுத்த கையோடு விமான நிறுவனத்துக்கு நாற்காலியின் நீளம், அகலம், உயரம், எடை, பேட்டரி விவரம் எல்லாவற்றையும் எழுதி ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். கடைசி 48 மணி நேரத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். சேலத்திலிருந்தே ஏறுவதானால் ஏடிஆரின் சரக்கு அறை சிறியது என்பதால் நாற்காலி உள்ளே போகுமா என்று தனியாகக் கேட்க வேண்டும். இணைப்பைத் துண்டிப்பது எப்படி, மோட்டாரை விடுவித்துக் கையால் தள்ள உதவும் ஃப்ரீவீல் லிவர் எங்கே இருக்கிறது என்பதை ஒரு தாளில் படத்தோடு எழுதி நாற்காலியின் முதுகில் ஒட்டிவிடுங்கள். ஏற்றுபவர் உங்களை மறுபடி பார்க்கமாட்டார்.

போய்ச் சேர்ந்த பிறகு

பெட்டியைத் திறந்ததும் சார்ஜரை மாட்டாதீர்கள். பேட்டரியை முகர்ந்து பாருங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் போல இனிப்பான வாடை வந்தால் எலக்ட்ரோலைட் கசிகிறது, வெளியே திறந்தவெளியில் வைத்து கம்பெனியைக் கூப்பிடுங்கள். உறை உப்பல், விரிசல் இல்லை என்றால் வோல்ட் அளந்து, அனுப்பும்போது எடுத்த போட்டோவோடு ஒப்பிடுங்கள். அரை வோல்ட், ஒரு வோல்ட் குறைந்திருப்பது இயல்பு. 36 வோல்ட் பேட்டரி 25க்குக் கீழே காட்டினால் சார்ஜ் ஏற்ற வேண்டாம். சில பி.எம்.எஸ். நெடுநாள் கிடந்தால் தூங்கிவிட்டு பூஜ்யம் காட்டும். கம்பெனி சார்ஜரை ஒரு நிமிடம் மாட்டினால் விழித்துக்கொண்டு உண்மையான வோல்டைக் காட்டும். அதைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். குளிர் நாடு என்றால் பேட்டரி அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் அயானுக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. முதல் சார்ஜை ஆள் விழித்திருக்கும் நேரத்தில், கட்டிலுக்கும் வாசற்படிக்கும் தள்ளி வைத்து ஏற்றுங்கள்.